வீட்டு முயலும் வெளியூர்ப் படிப்பும்



மே மாதத்தில் பரீட்சை முடிவுகள் வந்தவுடன் நம் புதுச்சேரி வீடுகளில் ஒரு பரபரப்பு தொடங்குகிறது. காலாப்பட்டில் பல்கலைக் கழகமும், கோரிமேட்டில் ஜிப்மரும் இருந்தபோதிலும், நம் பிள்ளைகளில் அநேகர் சென்னைக்கும், வேலூருக்கும், திருச்சிக்கும், கோயம்புத்தூருக்கும் படிக்கப் போகிறார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்களில் சில பிள்ளைகள் கடல் கடந்து பிரான்சு தேசத்துக்கே போகிறார்கள். கல்லூரிக் கட்டணம், விடுதிப் பணம், பெட்டி, படுக்கை, ஊறுகாய் ஜாடி ஈறாக எல்லாவற்றையும் பற்றி வீட்டில் யோசனை நடக்கிறது. ஆனால் பின்கட்டில், துவைக்கும் கல்லுக்கு அருகே, கம்பிவலைக் கூண்டுக்குள் இருக்கிற முயலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. புறப்படுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் யாராவது ஒருவர், "அது சரி, இதை யார் பார்த்துக்கொள்வது?" என்று கேட்கிறார். அந்தக் கேள்விக்கு அப்போது எவரும் பதில் சொல்வதில்லை.

இந்தக் கேள்வியை நிதானமாய் எடுத்து ஆராய்வதே இந்த வாரக் கட்டுரையின் நோக்கம்.

இதெல்லாம் ஒரு விஷயமா?

"மனிதருக்கே ஆயிரம் கஷ்டங்கள் இருக்கும்போது, ஒரு முயலுக்காக மனச்சாட்சியைக் குழப்பிக்கொள்ள வேண்டுமா?" என்று சிலர் நகைக்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கு இரண்டு பதில்கள் உண்டு.

முதலாவது, நம் வேதம் இந்த விஷயத்தை அற்பமாக எண்ணவில்லை. ஓய்வு நாளைப் பற்றிச் சொல்லும் யாத்திராகமத்தின் 23-ம் அதிகாரம், எஜமானும் வேலையாளும் இளைப்பாற வேண்டும் என்பதோடு நில்லாமல், மாட்டையும் கழுதையையும் அந்த இளைப்பாற்றியில் சேர்த்துக்கொள்கிறது. பழமொழி ஆகமத்தின் 12-ம் அதிகாரமோ, நீதிமானுடைய குணங்களைச் சொல்லிவரும்போது, தன் வீட்டுப் பிராணியின் தேவையை அவன் அறிந்திருப்பதையும் அவற்றில் ஒன்றாக எண்ணுகிறது. 1992-ம் ஆண்டு வெளியான திருச்சபையின் பெரிய ஞானோபதேசம், மிருகங்களை அவசியமின்றி வருத்துவதும் கொல்லுவதும் மனிதனுடைய மேன்மைக்கே விரோதம் என்று போதிக்கிறது. அதே ஞானோபதேசம், மனிதர்மீது வைக்க வேண்டிய அன்பை மிருகங்கள்மீது வைக்கலாகாது என்றும் எச்சரிக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்தே நாம் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, அர்ச். அக்குவினாஸ் தோமையார் காட்டியிருக்கிற ஒரு நியாயம். மிருகங்களிடம் கொடுமையாய் நடந்து பழகினவன் மனிதரிடமும் கொடுமையாய் நடக்கத் துணிவான் என்பது அவர் கருத்து. கொடுமைக்கு இது பொருந்துமானால் அலட்சியத்துக்கும் பொருந்தும். வாய் திறந்து கேட்கத் தெரியாத ஒரு ஜீவனை, கேட்காது என்கிற தைரியத்தில் மறந்துவிடப் பழகின பிள்ளை, கேட்கக் கூச்சப்படுகிற மனிதரையும் ஒருநாள் அப்படியே மறந்துவிடும். ஆகையால் இது முயலை மாத்திரம் பற்றிய கேள்வி அல்ல.

கடமை எங்கிருந்து வந்தது?

தெருவில் திரிகிற எல்லாப் பிராணிகளுக்கும் நாம் கடன்பட்டவர்களா? அப்படி ஒருவரும் சொல்லமாட்டார். அவற்றைத் துன்புறுத்தாதிருப்பதும், கூடுமானபோது இரங்குவதும் போதும். ஆனால் கூண்டில் இருக்கிற பிராணியின் காரியம் வேறு. அதை வாங்கினவர் நாம். அடைத்தவரும் நாம். இரைதேடும் வழி, குழி தோண்டி ஒளியும் வழி, தன் இனத்தோடு கூடும் வழி ஆகிய எல்லாவற்றையும் அதற்கு அடைத்துவிட்டோம். வழியை அடைத்தவரே அதற்கு வழியாய் இருக்க வேண்டும் என்பது சாதாரண நியாயம். அது கையெழுத்து வாங்கிக்கொள்ளவில்லை என்பதனால் நம் வாக்கு இல்லாமற் போய்விடாது. கூண்டின் கதவை மூடினதே நாம் கொடுத்த வாக்கு.

நம் தேசத்துச் சட்டமும் இதையே சொல்கிறது. பரதக் கலையை வளர்த்த ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் மாநிலங்களவையில் கொண்டுவந்த மசோதாவின் பயனாக, மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-ல் நிறைவேறியது. அதன் 11-ம் பிரிவில், அடிப்பதும் வதைப்பதும் மட்டுமல்ல, சொந்தக்காரர் போதிய தீனியும் தண்ணீரும் இருப்பிடமும் கொடாதிருப்பதும், பசியால் தாகத்தால் வருந்தும்படி ஒரு பிராணியைத் தகுந்த காரணமின்றிக் கைவிடுவதும் குற்றங்களாகவே எண்ணப்பட்டிருக்கின்றன. முதற் குற்றத்துக்கு அந்தச் சட்டம் வைத்த அபராதம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரையில். பிரான்சு தேசத்திலோ, 2021-ம் ஆண்டுச் சட்டத்தின்படி, வளர்ப்புப் பிராணியைக் கைவிடுகிறவருக்கு மூன்று ஆண்டு சிறையும் 45,000 யூரோ அபராதமும் வரையில் விதிக்கலாம். அபராதத்தின் அளவு தேசத்துக்குத் தேசம் மாறும். செய்த காரியத்தின் தன்மை மாறுவதில்லை.

முயலின் ஆயுளும் பிள்ளையின் படிப்பும்

இங்கே ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. நன்றாய்க் கவனிக்கப்படுகிற வீட்டு முயல் எட்டு முதல் பத்து ஆண்டுகள் உயிரோடிருக்கும்; அதற்கு மேலும் இருப்பதுண்டு. எட்டாம் வகுப்பில், பதின்மூன்று வயதில், பிள்ளை அடம் பிடித்து ஒரு முயல்குட்டியை வாங்குகிறது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற பிள்ளைப் பிடிவாதம் நமக்குத் தெரிந்ததுதானே! அந்தப் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும்போது முயலுக்கு வயது நாலு அல்லது ஐந்து. அப்புறம் பட்டப்படிப்புக்கு மூன்று ஆண்டு. பொறியியலுக்கு நாலு ஆண்டு. மருத்துவமானால் ஐந்தரை ஆண்டு. அதாவது முயலுடைய ஆயுளின் பின்பாதி முழுவதும், முதுமையும் நோயும் வருகிற பாதி, பிள்ளை வீட்டில் இல்லாத காலத்திலேயே விழுகிறது.

இது திடீரென்று நேர்ந்த ஆபத்து அல்ல. வெள்ளத்திலும் தீயிலும் கைவிட நேர்ந்தவரை யாரும் குற்றம் சொல்லமாட்டார்கள். ஆனால் பதின்மூன்று வயதுப் பிள்ளை ஐந்து ஆண்டுகளில் பதினெட்டு வயதை அடையும் என்பது வாங்கின அன்றே தெரிந்த சங்கதி. முன்கூட்டித் தெரிந்ததை "என்ன செய்வது, நேர்ந்துவிட்டது" என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.

அப்படியானால் வாக்குக் கொடுத்தவர் யார்? பிள்ளையா, பெற்றோரா? பத்து ஆண்டுக்குப் பொறுப்பேற்கும் சக்தி பதின்மூன்று வயதுக்கு இல்லை. பணங் கொடுத்து வாங்கினவரும், வீட்டுக்குள் வர அனுமதித்தவரும் பெரியவர்கள். ஆகையால் முதல் உத்தரவாதி அவர்களே. பிள்ளை புறப்படுகிற சமயத்தில், "உன் முயல், உன் பாடு, நீ போனால் நாங்கள் யாரிடமாவது தள்ளிவிடுவோம்" என்று சொல்லுவது நேர்மையல்ல. பிள்ளையும், "அப்போது சிறுவனாயிருந்தேன், எனக்கென்ன தெரியும்?" என்று ஒதுங்கிக்கொள்ளலாகாது. ஐந்து ஆண்டுகளாய் அதைத் தன்னுடையது என்று சொல்லி மகிழ்ந்தவருக்கு, அதன் பாரத்திலும் பங்கு உண்டு.

முயல் எப்படிப்பட்ட பிராணி?

"ஒரு கைப்பிடி புல் போட்டால் தீர்ந்தது" என்று பலரும் எண்ணுகிறார்கள். அப்படியல்ல. முயலை அறியாமல் அதன் கடமையை நிறுத்துப் பார்க்க முடியாது.

நம் கூண்டு முயலின் முன்னோர்கள் ஸ்பெயின், போர்த்துகல், தென் பிரான்சு ஆகிய சீமைகளைச் சேர்ந்தவை. ஏறக்குறைய கி.பி. 600-ல் பாப்பானவர் ஒருவர் முயற்குட்டியைத் தபசுகால உணவாக அனுமதித்தார் என்றும், அதனால் பிரெஞ்சு மடங்களில் சந்நியாசிகள் முயலை முதன்முதலாய் வீட்டுப் பிராணியாக்கினார்கள் என்றும் ஒரு கதை நெடுங்காலமாய் வழங்கிவந்தது. 2018-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி, அந்தக் கதைக்கு ஆதாரம் இல்லையென்றும், பழைய சரித்திரக்காரராகிய தூர் நகர் கிரகோரியாரின் வேறொரு குறிப்பைத் தவறாய்ப் புரிந்துகொண்டதால் பிறந்தது என்றும் காட்டியிருக்கிறது. எப்படியானாலும் அவை பல நூற்றாண்டுகளாய் மனிதர் கையைப் பார்த்து வாழ்கிற ஜாதி. நம் காடுமேடுகளில் ஓடுகிற காட்டு முயல் வேறு இனம். அதன் குட்டி ரோமத்தோடும் திறந்த கண்களோடும் பிறக்கும். கூண்டு முயலின் குட்டி ரோமமின்றி, கண் மூடினபடி பிறக்கும். காட்டு முயலைப் பிடித்து வளர்ப்பது 1972-ம் ஆண்டு வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம்.

முயலுக்குப் பிரதான ஆகாரம் புல். பசும்புல்லும் காய்ந்த புல்லும் நாள் முழுதும் அதன் முன் இருக்க வேண்டும். அதன் பற்கள் ஆயுள் முழுதும் வளர்ந்துகொண்டேயிருப்பதால், புல்லை அரைத்து அரைத்தே அவை தேய வேண்டும். சோறும், பிஸ்கோத்தும், ரொட்டித் துண்டும் அதன் குடலுக்கு விஷம் போன்றவை. காரட்டுங்கூட எப்போதாவது ஒரு சிறு துண்டு போதும். முயல் வாந்தி எடுக்க மாட்டாது. அரை நாள் சாப்பிடாமல் இருந்தாலே குடல் அசைவு நின்று, உயிருக்கு ஆபத்தாகிவிடும். மற்றப் பிராணிகளுக்கு இரையாகப் பிறந்த ஜீவனானபடியால், நோயை மறைத்துக்கொள்வது அதன் சுபாவம். தினமும் பார்த்துப் பழகின கண்ணுக்குத்தான் இன்று அது வழக்கம்போல் இல்லை என்பது தெரியும்.

அன்றியும் அது குளிர்ச்சியை விரும்புவது. அதற்கு வியர்வை இல்லை. பெரும்பாலும் காதுகளின் வழியாகவே உடம்பின் சூட்டைத் தணித்துக்கொள்ளும். வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினாலே வருந்தத் தொடங்கும். தமிழ்நாட்டில் முயல் ஆராய்ச்சி நடத்துகிற நிலையங்கள் கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலும், நீலகிரியில் சாண்டிநல்லாவிலும் இருப்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம். நம் ஊர் அக்கினி நட்சத்திர வெயிலில், தகரக் கூரையின் கீழ் வைத்த கூண்டு முயலுக்கு அடுப்பே. ஒதுக்குப்புறமான நிழல், ஈரச் சாக்கு, மண் தரை, மாற்றி மாற்றி வைக்கும் குளிர்ந்த நீர் ஆகிய இவற்றைப் பகல் வேளையில் யாராவது ஒருவர் கவனித்தே ஆக வேண்டும்.

இந்த விவரங்களை எல்லாம் இங்கே சொல்லக் காரணம், "யார் பார்த்துக்கொள்வது?" என்கிற கேள்விக்குள் எவ்வளவு வேலை அடங்கியிருக்கிறது என்பதை நாம் உணரவேண்டும் என்பதே.

நாலு வழிகள்

பிள்ளை ஊருக்குப் போகும்போது குடும்பத்தார் முன்பாக நாலு வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, முயலைக் கூடவே கொண்டுபோவது. நம் நாட்டு விடுதிகளில் பொதுவாய் இதற்கு அனுமதி கிடையாது. அமெரிக்காவில் எக்கர்ட் கல்லூரி போன்ற சில இடங்களில் மாணவர் தம் பிராணிகளோடு தங்கலாம். அது அந்த ஊர் ஏற்பாடு. ஆங்கிலக் கவி பைரன், கேம்பிரிட்ஜில் திரித்துவக் கல்லூரியில் படித்தபோது, நாய் வைத்துக்கொள்ளக்கூடாது என்கிற விதிக்குப் பதிலாக ஒரு கரடியைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டார் என்பது பிரசித்தம். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பாயிருக்கும். ஆனால் அந்தக் கரடிக்கு அது சௌகரியமாயிருந்ததா என்று கேட்டவர் யார்? விடுதிக் காப்பாளருக்குத் தெரியாமல் கட்டிலின் கீழ் அட்டைப் பெட்டியில் முயலை ஒளித்துவைக்கிற பிள்ளை, தன் ஆசைக்காக விதியையும் மீறி, முயலையும் வருத்துகிறது. நண்பரோடு தனி வீடு எடுத்துத் தங்குகிறவருக்கு வேண்டுமானால் இந்த வழி பொருந்தலாம். அதுவும் பகலெல்லாம் பூட்டின அறையில் அது தனியே கிடக்காது என்றால்.

இரண்டாம் வழி, வெளியே விட்டுவிடுவது. "தாவரவியல் பூங்காவில் விட்டால் பிழைத்துக்கொள்ளும், ஆஸ்திரேலியாவில் விட்டவை தேசம் முழுதும் நிறையவில்லையா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. 1859-ல் தாமஸ் ஆஸ்டின் என்பவர் விக்டோரியாவுக்கு வரவழைத்த இரண்டு டஜன் முயல்கள் அங்கே பெருகி, பயிர்பச்சைகளை அழித்தது மெய்யே. ஆனால் அங்கே பரவினவை காட்டில் வாழத் தெரிந்த முயல்களின் வம்சம். நம் வெள்ளை முயலுக்கோ ஒளியத் தெரியாது, ஓடிப் பழக்கமில்லை, தெருநாயைக் கண்டு பயப்படவும் கற்றுக்கொள்ளவில்லை. ஓர் இரவு தாங்குவதே அரிது. விடுதலை கொடுத்தோம் என்று நம்மை நாமே தேற்றிக்கொள்வது பொய்ச் சமாதானம். இந்த வழியைப் பற்றி இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாம் வழி, வேறொரு வீட்டுக்குக் கொடுப்பது. நாலாம் வழி, வீட்டிலேயே அம்மாவிடமோ தம்பி தங்கையிடமோ விட்டுப்போவது. இந்த இரண்டுமே நிதானமாய் ஆராயத்தக்கவை.

கொடுப்பதும் கைவிடுவதும்

பிறர் கையில் கொடுப்பது பிரமாணிக்கத் தவறு என்று சில பிள்ளைகள் எண்ணி அழுகிறார்கள். அது சரியல்ல. முயல் கவனிக்கப்பட வேண்டும் என்பதே நம் கடமை. எப்போதும் என் கையாலேயே கவனிக்கப்பட வேண்டும் என்பது கடமை அல்ல, ஆசை. ஆசையைக் கடமை என்று எண்ணி மயங்கக்கூடாது.

அர்ச். அசீசி பிரான்சிஸ்குவின் சரித்திரத்தை முதலில் எழுதின செலானோ தோமாஸ் ஒரு சம்பவத்தைச் சொல்லியிருக்கிறார். கிரேச்சியோ என்னும் ஊரில் கண்ணியில் அகப்பட்ட ஒரு முயல்குட்டியை ஒரு சகோதரர் அவரிடம் கொண்டுவந்தார். அர்ச்சிஷ்டவர் அதைத் தடவிக்கொடுத்துத் தரையில் விட்டார். அது மறுபடியும் மறுபடியும் அவர் மடிக்கே திரும்பி வந்தது. அவர் அதைத் தமக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. அருகிலிருந்த காட்டுக்குக் கொண்டுபோய் விடும்படி சகோதரர்களிடம் சொன்னார். அது காட்டில் பிறந்த குட்டி. காடே அதற்கு ஏற்ற இடம். அன்பு தனக்கு இனியது எது என்று கேளாமல், அதற்கு நல்லது எது என்று கேட்டது.

இன்னொரு சம்பவம் இந்த விஷயத்துக்கு இன்னும் நெருங்கினது. இங்கிலாந்தில் ஓல்னி என்கிற ஊரில் வில்லியம் கூப்பர் என்னும் கவி இருந்தார். 1774-ம் ஆண்டளவில், அடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒருவர் ஒரு காட்டு முயல்குட்டியை விளையாடக் கொடுத்தார். சில நாளில் அவர்களுக்கு அலுத்துப்போயிற்று, குட்டியும் இளைத்துப்போயிற்று. அதைக் கண்ட அவர்கள் தகப்பனார், பிள்ளைகளின் சம்மதத்தோடு, குட்டியைக் கவியிடம் கொடுத்தார். அப்போது கூப்பர் கடும் மனச்சோர்வினால் வருந்திக்கொண்டிருந்தவர். பின்னும் இரண்டு முயல்களைச் சேர்த்து, மூன்றுக்கும் பேரிட்டு, தம் கையாலேயே கூடு செய்து வளர்த்தார். ஒவ்வொன்றின் குணமும் வேறு என்பதைக் கவனித்து, 1784-ல் ஒரு பத்திரிகையில் எழுதினார். அவற்றில் பஸ் என்று பேர்கொண்டது ஏறக்குறைய பன்னிரண்டு வயதுவரை வாழ்ந்தது.

இதில் யார் செய்தது சரி? பிள்ளைகளை வலுக்கட்டாயமாய்க் கவனிக்கச் செய்து, குட்டியைச் சாக விட்டிருந்தால் தகப்பனார் ஒழுங்கைக் கற்பித்தவர் ஆகமாட்டார். ஏதோ ஒரு வீட்டில் தள்ளிவிட்டிருந்தாலும் சரியாயிராது. அது இளைக்கிறதைப் பார்த்தார், பார்த்துக்கொள்ளக்கூடியவரைத் தேடினார், பிள்ளைகளிடம் கேட்டார், பிறகே கொடுத்தார். இதிலிருந்து ஒரு பொது விதியை எடுத்துக்கொள்ளலாம். பெற்றுக்கொள்கிறவருக்கு அதன் தேவை முழுதும் தெரிந்திருக்க வேண்டும். மனதார அவர் சம்மதித்திருக்க வேண்டும். செய்யக்கூடிய வசதியும் இருக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் அது கொடுப்பது. மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது கைவிடுவதுதான், எவ்வளவு மரியாதையாய்ச் செய்தாலும்.

"கறிக்குத்தானே சிலர் முயல் வளர்க்கிறார்கள்? அவர்களிடம் விற்றால் என்ன?" என்று கேட்கலாம். கறிக்கு வளர்ப்பதைப் பாவம் என்று திருச்சபை சொல்லவில்லை. ஆனால் பேரிட்டுக் கூப்பிட்டு, மடியில் வைத்துக்கொண்டு, மனிதர் கையை நம்பக் கற்றுக்கொடுத்த பிராணியை, அந்த நம்பிக்கையாலேயே ஓடாமல் நிற்கிற பிராணியை, கத்திக்கு அனுப்புவது வேறு காரியம். பிள்ளையிடம் சொல்லாமல் அப்படிச் செய்துவிட்டு, "யாரோ தோட்டமுள்ளவரிடம் கொடுத்தோம்" என்று பொய் சொல்லுகிற பெற்றோர், முயலை மாத்திரமல்ல, பிள்ளையின் நம்பிக்கையையும் விற்றுவிடுகிறார்கள். தீபாவளி விடுமுறைக்கு வரும் பிள்ளை அந்தத் தோட்டத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்று கேட்குமே, அப்போது என்ன சொல்லுவார்கள்?

அம்மாவைக் கேட்டீர்களா?

நாலாம் வழிதான் நம் வீடுகளில் அதிகமாய் நடப்பது. பிள்ளை போய்விடுகிறது, முயல் வீட்டிலேயே இருக்கிறது, ஒருவரும் ஒன்றும் பேசாமலேயே எல்லா வேலையும் தாயார் தலையில் வந்து விழுகிறது. காலையில் நாலரைக்கு எழுந்து, சமையல் முடித்து, சிலர் அலுவலகத்துக்கும் போய்த் திரும்பி, மாமியாருக்கு மருந்து கொடுத்து, இளைய பிள்ளைக்குப் பாடம் பார்க்கிற அந்தத் தாயார், இனிமேல் புல் தேடவும், கூண்டு கழுவவும், மத்தியானம் சாக்கை நனைத்துப் போடவும் வேண்டும். அவர் செய்வார். முகஞ் சுளிக்காமலும் செய்வார். செய்வார் என்று தெரிந்திருப்பதனாலேயே அவரைக் கேட்காமல் விடுவது அநியாயம்.

இந்தக் கேள்வியின் மையம் இங்கேதான் இருக்கிறது. முயலுக்குச் செலுத்த வேண்டிய கடமையை ஒரு மனிதரின் முதுகில் சொல்லாமல் ஏற்றிவிட்டு, கடமை நிறைவேறிற்று என்று நிம்மதியாயிருப்பது பிரமாணிக்கம் ஆகாது. பிராணியின்மேல் இரக்கம் என்று சொல்லி மனிதர்மேல் இரக்கமில்லாமற் போவதைத்தான் ஞானோபதேசம் எச்சரிக்கிறது. ஆகையால் பிள்ளை வாய் திறந்து கேட்க வேண்டும்: "அம்மா, உங்களால் முடியுமா? முடியாது என்றால் இப்போதே சொல்லுங்கள். வேறு இடம் தேடுகிறேன்." "முடியாது" என்று சொல்ல உண்மையாகவே இடங்கொடுத்துக் கேட்டால்தான் அது கேட்பது. தாயார் "முடியாது" என்றால், அவர்மேல் வருத்தப்பட யாருக்கும் நியாயமில்லை.

அவர் சம்மதித்தாலும் பிள்ளையின் பங்கு முடிந்துபோகவில்லை. கைவேலையை மாற்றிக் கொடுத்தாரேயொழிய, பொறுப்பை அல்ல. தீனிச் செலவில் ஒரு பகுதியைத் தன் கைச்செலவிலிருந்து அனுப்பலாம். வாரத்துக்கு ஒருமுறை கைப்பேசியில் பேசும்போது, "என் முயல் எப்படியிருக்கிறது?" என்று கேட்பதற்கு முன், "உங்களுக்கு அதனால் சிரமமா?" என்று கேட்கலாம். நூற்றைம்பது கிலோமீட்டரில் உள்ள சென்னையிலிருந்து மாதம் ஒருமுறை வருகிற பிள்ளை, வந்த அன்று கூண்டை முழுதும் கழுவி, நகங்களை வெட்டி, பற்களைப் பார்த்து, ஒரு மாதத்துக்குக் காய்ந்த புல் சேர்த்து வைத்துப் போகலாம். இது பெரிய காரியமா? செய்து பார்த்தால் தாயாருக்கு எவ்வளவு பெரிய உதவி என்பது தெரியும்.

அவசியமான சில ஏற்பாடுகள்

புறப்படுவதற்கு முந்தின நாள் அல்ல, ஆறு மாதத்துக்கு முன்னரே இந்தப் பேச்சு நடக்கட்டும். புதியவர் கையிலிருந்து தீனி வாங்கி உண்ண முயலைச் சிறிது சிறிதாய்ப் பழக்க வேண்டும். "என்னைத் தவிர வேறு யாரிடமும் அது சாப்பிடாது" என்று பெருமை பேசுவது சிலருக்கு வழக்கம். உண்மையானால் அது பெருமைக்குரியதல்ல. உடனே திருத்த வேண்டிய ஆபத்து.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் தினசரி தீனியின் அளவு, ஆகாத பொருள்கள், நோயின் அடையாளங்கள், மருத்துவரின் முகவரி ஆகியவற்றை எழுதிவைக்கட்டும். குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி பெயரால் ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரி நமக்கு இருக்கிறது. போவதற்கு முன் ஒருமுறை முயலை மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது. ஆணும் பெண்ணும் சேர்ந்திருந்தால், முப்பத்தொரு நாளில் குட்டி போடும். போட்ட மறுநாளே மறுபடியும் சினைப்படக் கூடும். இரண்டு முயலைத் தாயாரிடம் விட்டுப்போய், பொங்கலுக்கு வரும்போது இருபது முயலைக் காண நேரும். அதற்கான சிகிச்சையையோ பிரித்துவைப்பதையோ முன்பே முடித்துவிட வேண்டும்.

எல்லா வழியும் அடைபட்ட குடும்பங்களும் உண்டு. தாயும் தகப்பனும் வேலைக்குப் போகிறார்கள். பாட்டிக்கு முழங்கால் வலி. முயலோ கிழமாகி, நோயுற்று, யாரும் வாங்கிக்கொள்ள மாட்டார்கள். இவர்களுக்குச் சுலபமான பதில் ஒன்றும் இல்லை. பிள்ளை படிப்பை விட வேண்டும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அது கடமைகளின் வரிசையைத் தலைகீழாக்குவது. ஆனால் அக்கம்பக்கம் என்று ஒன்று நமக்கு இருக்கிறதே! பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று பேசும்போது, இதையும் ஒரு குடும்பத்தின் தேவையாகச் சொல்லலாம். பகலில் ஒருமுறை எட்டிப் பார்த்துத் தண்ணீர் மாற்ற, அடுத்த வீட்டுப் பள்ளிப் பிள்ளை ஒன்று சந்தோஷமாய் வரும். அந்தப் பிள்ளையும் கற்றுக்கொள்ளும்.

வாங்குமுன் ஒரு வாரம்

இனிமேல் வாங்க நினைக்கிற குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. பிரான்சு தேசத்தில் 2022 அக்டோபர் முதல், நாய், பூனை, முயல் முதலியவற்றை முதன்முறையாய் வாங்குகிறவர், அதன் தேவைகளையும் செலவையும் விளக்கும் உறுதிப் பத்திரம் ஒன்றில் கையெழுத்திட்டு, ஏழு நாள் கழிந்த பிறகே பிராணியைப் பெற்றுக்கொள்ள வேண்டும். நம் ஊரில் அப்படிப்பட்ட சட்டம் இல்லை. ஆனால் ஒவ்வொரு வீடும் தனக்குத்தானே அப்படி ஒரு விதி வைத்துக்கொள்ளத் தடையும் இல்லை. சந்தையில் பஞ்சுருண்டை போன்ற குட்டியைப் பார்த்தவுடன் வாங்காமல், ஒரு வாரம் பொறுத்து, பிள்ளையின் வயதோடு பத்தைக் கூட்டிப் பாருங்கள். வருகிற எண்ணில் பிள்ளை எங்கே இருக்கும், முயலை யார் வைத்திருப்பார் என்று வீட்டார் எல்லாரும் உட்கார்ந்து பேசுங்கள். பதில் கிடைத்தால் வாங்குங்கள். கிடைக்காவிட்டால், பிள்ளை அழுதாலும் வாங்காதிருப்பதே அன்பு.

கடைசியாக, ஊரை விட்டுப் படிக்கப் போகும் பிள்ளைகளே! நீங்கள் விட்டுப்போகிற வீட்டில் முயல் மாத்திரமா இருக்கிறது? நம் நகரத்தில், பிள்ளைகள் படிக்கப் போய், வேலைக்குப் போய், அங்கேயே தங்கிவிட, மாலையில் திண்ணையில் தனியே உட்கார்ந்திருக்கிற முதியவர்கள் எத்தனை பேர்! அவர்களும் கேட்கமாட்டார்கள், நோயை மறைத்துக்கொள்வார்கள், "எனக்கென்ன, நன்றாயிருக்கிறேன்" என்பார்கள். கேளாதவரின் தேவையைத் தூரத்திலிருந்தே அறிந்து செய்யும் பழக்கம் ஒரே நாளில் வருவதல்ல. சிறு காரியத்தில் பிரமாணிக்கமாய் இருந்தே பெரிய காரியத்துக்குப் பழக வேண்டும். புறப்படுமுன் பின்கட்டுக்குப் போய், அந்தக் கூண்டின் முன் நின்று, "இதற்கு நான் என்ன ஏற்பாடு செய்தேன்?" என்று உங்களை நீங்களே கேட்டு, திருப்தியான பதிலோடு பெட்டியைத் தூக்குவீர்களாக.